4 லீற்றர் நிச்சயம்: எரிபொருள் கியூஆர் பற்றி ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

இலங்கையில் ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிட 2022 யூலை 16 ஆம் திகதி அறிவிக்கப்பட்டு, 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி நிறுத்தப்பட்ட தேசிய எரிபொருள் அனுமதி அட்டையை நான் தொடக்கத்தில் இருந்து கடைசி வரை பாவித்தேன். சனத்தின் வாயில் அதற்குப் பெயர் கியூஆர். நான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இருந்து கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஸ்கூட்டியில் போய்வரும் ஆசிரியை. எனக்குக் கிடைத்தது வாரம் 4 லீற்றர். சேவை எப்படி இருந்தது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: அது நாட்டுக்குள் ஒரு சொட்டு எண்ணெயைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவரவில்லை, ஆனால் இருக்கிற எண்ணெயில் எனக்கு எவ்வளவு என்று சொன்னது. அது தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கத்துச் சனம் மூச்சு விட்டது. அந்த நிச்சயம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு அரைகுறையாகிவிடும்.

முதலில் நிலைமை. 2021 டிசெம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, யூன் கடைசியில் 470. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கையில் டொலர் இல்லை. எண்ணெய்க் கப்பல் வந்து கடலில் நின்றாலும் காசு கட்டி இறக்க வழியில்லை. விலையைச் சனம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. தாங்க முடியாமல் போனது, கையில் காசை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கிடைக்குமா, இந்தக் கிழமை கிடைக்குமா என்று தெரியாமல் நின்றதுதான்.

பெற்றோல் செட்டுக்கு முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் நின்றன. ஆட்கள் தலைக்கவசத்தை வைத்து இடம் பிடித்தார்கள், வாகனத்துக்குள்ளேயே படுத்தார்கள், சாப்பாட்டை வீட்டில் இருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வரிசையில் நின்றபடியே உயிர் விட்டவர்களின் செய்தி நாட்டின் ஒவ்வொரு மூலையில் இருந்தும் வந்தது. ஏப்ரல் 19 ஆம் திகதி றம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடிய சனத்தின் மேல் பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். யூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் யூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரங்களில் ஊர் மாறிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் போத்தலோடு நடந்து போனால் எங்கே எடுத்தார், யார் கொடுத்தது என்று பின்னால் கதை வரும். செட்டில் வேலை செய்கிற பெடியனின் வீட்டுக்கு ஆட்கள் இரவில் போவார்கள். கறுப்புச் சந்தையில் ஒரு லீற்றர் 2,000 ரூபாய்க்கு மேல் போனது. முன்பு அவசரத்துக்கு ஸ்கூட்டியைக் கேட்டால் திறப்பைத் தூக்கித் தருகிற அயலவர்கள், கேட்பார்களே என்று பயந்து படலையைச் சாத்தினார்கள். நெடுங்காலக் கஷ்டம் ஒரு நாட்டுக்குச் செய்கிற பெரிய கெடுதி இதுதான் என்று நினைக்கிறேன். பொருள் குறைவதை விட, மற்றவன் என் பங்கையும் எடுக்கிறான் என்ற எண்ணம் வளர்வது மோசம். அந்த எண்ணம் வந்துவிட்டால் இருக்கிற கொஞ்சமும் பதுங்கிவிடும்.

கியூஆர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பக்கம் கிராம சேவையாளர் ஊடாக ஒரு காகித அட்டை கொடுத்தார்கள். எந்தச் செட், எந்த நாள் என்று அதில் பதிவார்கள். அந்த யோசனையையும் நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த செட்டில் அதே ஆள் இன்னொரு அட்டையோடு வந்தால் கண்டுபிடிக்க வழி இல்லை. கியூஆர் அந்த ஓட்டையை அடைத்தது.

பதிவு செய்வது சுலபம்தான். அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம். போனுக்கு ஒரு இரகசிய இலக்கம் வரும், அதைக் கொடுத்தால் சரி, கறுப்பு வெள்ளைக் கட்டம் திரையில் வந்துவிடும். அதைப் படம் எடுத்து வைக்கலாம், அச்சடித்தும் வைக்கலாம். ஸ்மார்ட் போன் இல்லாதவரும் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டலாம் என்பதுதான் இந்தச் சேவையில் மிகவும் புத்திசாலித்தனமான முடிவு. செட்டில் இருப்பவர் கையில் மட்டும் ஒரு போனும் இணைப்பும் இருந்தால் போதும், வாகனக்காரர் கையில் ஒன்றும் தேவையில்லை. எங்கள் சந்தியில் இருக்கும் கொமினிகேசன் கடையில் அந்த வாரம் முழுக்க அச்சடிப்பதும் லமினேட் பண்ணுவதும்தான் வேலை. திறப்புக் கோர்வையில் தொங்கும் அளவுக்குச் சின்னதாக வெட்டிக் கொடுத்தார்கள். அயலில் இருக்கிற வயதானவர்கள் பலருக்கு என் போனிலேயே பதிந்து கொடுத்தேன். "பிள்ளை, இதைக் காட்டினால் உண்மையாத் தருவாங்களோ?" என்று ஒரு ஐயா திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் முதல் தடவை போய் வரிசையில் அரை மணித்தியாலம் மட்டும் நின்று அடித்துக்கொண்டு வந்து, வழியில் என்னைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தாங்கியைத் திறந்தே காட்டினார்.

ஆனால் பதிவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது. எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள்கள் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. பெயர் மாற்றாமல், பழைய சொந்தக்காரர் ஒப்பமிட்ட தாளை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் நிறையப் பேர். புத்தகம் லீசிங் கொம்பனியில் இருக்கும், செசி இலக்கம் துருவேறி வாசிக்க முடியாமல் இருக்கும். பதியப் போனால் இந்த வாகனம் ஏற்கெனவே பதியப்பட்டுவிட்டது என்று வரும். யார் பதிந்தது? பழைய சொந்தக்காரரா, இலக்கத்தைத் திருடிய ஆளா? முறைப்பாடு செய்து திருத்தி எடுக்கிற வரைக்கும் அவர்களுக்கு வாரம் 0 லீற்றர். எங்கள் பள்ளிக்கூடத்துக் காவலாளிக்கு அப்படி நடந்தது. அவர் இருட்டோடு சைக்கிள் மிதித்து வந்து கேற்றைத் திறந்தார். தாள் ஒழுங்காக இருப்பவர்களுக்கு முதல் நாளே கிடைத்த நிச்சயம், தாள் இல்லாத ஏழைக்கு மாதம் கடந்துதான் கிடைத்தது. இதற்குப் பிரதேச செயலகத்தில் முதல் வாரத்திலேயே ஒரு மேசை போட்டிருக்கலாம். கிராம சேவையாளருக்கு எந்த வாகனம் யாருடையது என்று தெரியும். அந்த அறிவை இந்தச் சேவை பாவிக்கவே இல்லை.

ஓகஸ்ட் 1 ஆம் திகதியில் இருந்து கியூஆர் மட்டும்தான் என்று ஆனது. அதுவரை வாகன இலக்கத்தின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்திருந்தார்கள். அதையும் எடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. செட்டில் இருக்கும் தம்பி போனைக் காட்டி அட்டையை வருடுவார். எவ்வளவு மிச்சம் என்று திரையில் வரும். அடித்து முடிந்ததும் மிச்சக் கணக்கு எனக்குக் குறுந்தகவலாக வந்துவிடும். 2 லீற்றர் அடித்தால் மற்ற 2 லீற்றரை அந்தக் கிழமைக்குள் எந்த ஊர்ச் செட்டிலும் எடுக்கலாம். அமைச்சரின் காருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கு முன்னால் நின்ற வங்கி மனேஜரின் காருக்கு 20 லீற்றருக்கு மேல் ஏறாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், செட் தம்பிக்கும் தெரியும். தெரிந்த ஆள், தெரியாத ஆள் என்ற பேச்சு அங்கே முடிந்தது.

அதனால் அந்தத் தம்பியின் வாழ்க்கையும் மாறியது. முன்பு அவனை எல்லோரும் ஒன்றில் கெஞ்சினார்கள், இல்லாவிட்டால் ஏசினார்கள். ஒரு நாள் நான் கேட்டேன், இப்போது எப்படி என்று. "ரீச்சர், இப்ப நான் இல்லை எண்டு சொல்லத் தேவையில்லை, போன் சொல்லுது. சொந்தபந்தமும் கோவிக்கிறேல்ல" என்றான். இல்லை என்று சொல்லுகிற பாரத்தை ஒரு சின்ன ஆளின் தலையில் இருந்து இறக்கி ஒரு பொது விதியின் மேல் வைத்ததை நான் இந்தச் சேவையின் பெரிய வெற்றியாகப் பார்க்கிறேன். பஞ்ச காலத்தில் பகிர்கிற இடத்தில் நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும். ரேசன் கடையோ, மருந்து கொடுக்கும் இடமோ, எங்கே என்றாலும் அப்படித்தான்.

வரிசை ஏன் குறைந்தது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தியா எரிபொருளுக்கென்றே 500 மில்லியன் டொலர் கடன் வசதி தந்திருந்தது. யூலை நடுவில் இருந்து கப்பல்கள் மெதுவாக வரத் தொடங்கின. 470 ரூபாய் விலையில் சனமும் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டது. ஆனால் எண்ணெய் வந்த நாட்களிலும் முன்பு வரிசை குறையவில்லை, ஏனென்றால் அடுத்தது எப்போது என்று தெரியாததால் எல்லோரும் தாங்கி முட்ட அடித்தார்கள், வீட்டில் கொண்டுபோய்க் கானில் ஊற்றிவிட்டுத் திரும்ப வந்து நின்றார்கள். அடுத்த கிழமையும் 4 லீற்றர் வரும் என்று தெரிந்தவுடன் கானோடு ஓடத் தேவையில்லாமல் போனது. அந்த அச்சத்தைக் குறைத்தது கியூஆர்தான்.

4 லீற்றரில் என்ன செய்யலாம்? என் ஸ்கூட்டி லீற்றருக்குச் சுமார் 40 கிலோமீற்றர் ஓடும். யூலை கடைசியில் பள்ளிக்கூடங்கள் வாரத்தில் 3 நாள் என்று தொடங்கியபோது போய்வர அது தாராளம். அம்மாவைக் கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன். முழு வாரமும் பள்ளிக்கூடம் என்று வந்த பிறகு இறுக்கம்தான். நானும் இன்னொரு ஆசிரியையும் மாறி மாறி ஒரு ஸ்கூட்டியில் போனோம், அதனால் இரண்டு பேருக்கும் கையில் மிச்சம் இருந்தது. அளவு தெரிந்தால் ஆள் திட்டம் போடும். கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வருபவர்களுக்கு, அந்த யூலையில் முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடத் தொடங்கிய யாழ் ராணி ரயில் பெரிய ஆறுதல். என்னைக் கேட்டால் கியூஆரை விட அந்த ரயிலுக்குக் கூடுதல் புள்ளி போடுவேன். வாகனம் இல்லாதவரையும் ஏற்றிக்கொண்டு போனது அது.

இந்தச் சேவையோடு எனக்கு இருக்கும் பெரிய மனஸ்தாபமும் அங்கேதான் வருகிறது. கியூஆர் ஆளைக் கணக்கெடுக்கவில்லை, வாகனத்தைக் கணக்கெடுத்தது. எங்கள் அம்மம்மா காலத்துக் கூப்பன் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1942 இல் இலங்கையில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, தலைக்கு இவ்வளவு என்று இருந்தது. கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு இருந்தது, படகு வைத்திருக்கிற சம்மாட்டிக்கும் கூலிக்காரனுக்கும் ஆளுக்கு ஒரு கூப்பன்தான். 1979 இல் உணவு முத்திரையாக மாறும் வரைக்கும் ஏதோ ஒரு வடிவத்தில் அது நின்றது. 2022 இல் வந்த கியூஆரில் வீட்டில் கார் ஒன்றும் மோட்டார் சைக்கிள் ஒன்றும் வைத்திருப்பவர் ஆளை மாற்றிப் பதிந்து 24 லீற்றர் எடுக்கலாம். சைக்கிளும் பஸ்ஸும் மட்டுமே தெரிந்த குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வேண்டிய பஸ்ஸுக்கோ முழு வாரத்துக்கும் 40 லீற்றர். எங்கள் பிள்ளைகள் வருகிற சிற்றூர்தி அந்த நாட்களில் காலையில் ஒரு தடவை ஓடினால் பின்னேரம் ஓடாது. சில பிள்ளைகள் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும் என்று கடைசிப் பாடத்தை நாங்களே வெட்டினோம்.

ஓட்டோக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 5 லீற்றர் அவர்களுக்கு ஒன்றரை நாள் உழைப்புக்குக் காணாது. பிறகு பதிவு செய்த வாடகை ஓட்டோக்களுக்கு அளவைக் கூட்டினார்கள். அது சரியான திருத்தம், ஆனால் பிந்திய திருத்தம்.

மண்ணெண்ணெய்தான் கதையில் மிகக் கசப்பான பகுதி. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் அரைவாசிப் பேரின் தகப்பன்மார் கடற்றொழிலாளர்கள். பிளாஸ்ரிக் படகில் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகெண்ணெய் இல்லாமல் மூடி மூடித் திறந்ததில் மண்ணெண்ணெயும் இல்லாமல் போனது. பெற்றோலுக்கு கியூஆர் வந்து ஊர் மூச்சு விட்ட அதே ஓகஸ்டில், 22 ஆம் திகதி மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக ஏறியது. கணக்கைப் பாருங்கள்: ஒரு தடவை தொழிலுக்குப் போய்வர 25 லீற்றர் என்றால் 2,175 ரூபாயாக இருந்த செலவு 8,500 ரூபாய். வலையில் மீன் படுமா என்பது கடலுக்குத்தான் தெரியும். பலர் படகைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டார்கள். சிலர் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்பு வலித்துக் கரையை ஒட்டித் தொழில் செய்தார்கள்.

அதன் விளைவை வகுப்பறையில் பார்த்தேன். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது பின்வாங்கு, அதாவது கடைசி வரிசை இருக்கை, வெறுமையாக இருக்கும். வந்த பிள்ளைகளும் இடைவேளைக்கு முன்னாலேயே மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள். ஒரு மாணவனின் தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் பிள்ளை வரவில்லை என்று. "ரீச்சர், அவர் கடலுக்குப் போய் மூண்டு கிழமை. பிள்ளையச் சும்மா வயித்தோட எப்பிடி அனுப்புறது?" என்றார். அந்த செப்டெம்பரில் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்று அறிக்கை விட்டன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அதே மாதம் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். அந்த எண்களின் ஒரு முனை என் வகுப்பின் பின்வாங்கில் இருந்தது.

காருக்கு 20 லீற்றரை ஒழுங்காகக் கணக்கு வைத்துக் கொடுக்கத் தெரிந்த ஒரு நாட்டுக்கு, பதிவு இலக்கம் உள்ள ஒரு படகுக்கு வாரம் இத்தனை லீற்றர், இந்த விலையில் என்று கொடுக்கத் தெரியாதா? படகுகளுக்கு இலக்கம் உண்டு, கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு உண்டு, ஒவ்வொரு ஊரிலும் கடற்றொழிலாளர் சங்கம் உண்டு. தொழில்நுட்பம் அதேதான். தோட்டக்காரர்களின் நீர் இறைக்கிற எஞ்சினுக்கும் பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம் என்று அலைந்துதான் எண்ணெய் எடுக்க வேண்டியிருந்தது. வெங்காயத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் பிந்தினால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாடு பசியில் இருக்கும்போது மீன் பிடிக்கிறவருக்கும் வெங்காயம் நடுகிறவருக்கும் முதல் வரிசை கொடுத்திருக்க வேண்டும். அவர்கள்தான் கடைசியில் நின்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு பேச்சை எதிர்க்க விரும்புகிறேன். அந்தக் காலத்தில் தெற்கில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் பலர் சொன்னார்கள், "யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இது பழக்கம்தானே" என்று. எங்கள் ஆட்களே பெருமையாகச் சொன்னார்கள். 1990 களில் யுத்தத்தின்போது அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்ததும், ஒரு துளி பெற்றோலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதும் உண்மை. அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறையில் நானும் ஒருத்தி. ஆனால் அதைத் தாங்கும் சக்தி என்று பாராட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் கண் கெட்டது, நெஞ்சில் புகை ஏறியது, மருந்து கிடைக்காமல் போனவர்கள் போனார்கள். தாங்கினோம், ஏனென்றால் வேறு வழி விடவில்லை. ஒரு நாடு கஷ்டத்தைத் தாங்குகிற பலம் என்பது சனத்தின் முதுகு எவ்வளவு வளையும் என்று பார்ப்பதில் இல்லை. பாரம் வருவதற்கு முன்னாலேயே யார் யார் எவ்வளவு சுமப்பது என்று முடிவு பண்ணி வைப்பதில் இருக்கிறது. கியூஆரை நான் இவ்வளவு அக்கறையாக மதிப்பிடுவதற்குக் காரணம் அதுதான். என் வாழ்நாளில் அரசாங்கம் ஒரு தட்டுப்பாட்டை, யாழ்ப்பாணத்துக்கும் தெற்கே இருக்கிற மாத்தறைக்கும் ஒரே அளவு, ஒரே விதி என்று பகிர்ந்ததை நான் பார்த்தது அப்போதுதான். மாத்தறையில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், எங்களுக்கும் 4 லீற்றர். வயதானவர்கள் பலர் இதைக் கவனித்துச் சொன்னார்கள்.

சேவையின் நாளாந்தக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரம் நிற்கிற நேரங்களில் செட்டில் ஜெனரேற்றர் ஓடாவிட்டால் பம்பும் இல்லை, போன் கோபுரமும் இழுக்காது. இணைப்பு நின்றால் வரிசை நிற்கும், சில இடங்களில் கொப்பியில் இலக்கத்தை எழுதிவிட்டு அடித்தார்கள், பிறகு கணக்கு முட்டும். தொடக்க நாட்களில் இணையத்தளம் நெரிசலில் திறக்காது, நடுச்சாமத்தில் முயன்றால்தான் சரி. வாரக் கணக்குப் புதுப்பிக்கிற மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாக வருவதால் அன்றைக்கு மட்டும் பழைய வரிசை திரும்ப வந்துவிடும். அட்டையில் அளவு இருக்கும், செட்டில் எண்ணெய் இருக்காது, அதுவும் நடந்தது. எந்தச் செட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற வசதி எங்கள் பக்கம் நம்பும்படியாக இருக்கவில்லை, செட் தம்பிக்குப் போன் அடித்துக் கேட்பதுதான் நம்பகமானது. தன் அளவை விற்றவர்களும் இருந்தார்கள். ஓடாத வாகனத்துக்கு அட்டை எடுத்து, எண்ணெயை எடுத்து, போத்தலில் விற்றார்கள். அது பெரிய தொகை என்று நான் நினைக்கவில்லை, ஆனால் பார்க்கிறவர்களின் மனதை அது கெடுத்தது.

முடித்த விதத்துக்கு நல்ல புள்ளி போடலாம். 2023 மார்ச் 20 ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு, ஏப்ரலில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் 7 ஆனது, மே கடைசியில் 14 ஆனது. 14 லீற்றர் என்றால் என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தம். இப்படிப் படிப்படியாகத் தளர்த்தி, செப்டெம்பரில் நிறுத்தியபோது ஊரில் யாரும் கானைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒரு கட்டுப்பாட்டை எடுக்கிற அன்றைக்குச் சனம் பதறாமல் இருந்தால், அதை நடத்தியவர்கள் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார்கள்.

புள்ளி என்று கேட்டால், வரிசையைக் குறைத்ததற்கு 5 இற்கு 5. பதிவுக்கு 3. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 2. கடலுக்கும் தோட்டத்துக்கும் 1, அதுவும் யோசித்துத்தான் போடுகிறேன்.

இனி ஒரு தடவை இப்படி ஒரு காலம் வந்து, இந்தச் சேவையைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தால், முதல் நாளிலேயே படகு இலக்கமும் தோட்டக்காரரின் எஞ்சினும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற பஸ்ஸும் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் மாறாத வாகனங்களுக்குக் கிராம சேவையாளரின் ஒரு ஒப்பம் போதும் என்று வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் விலையை ஏற்றுகிற அறிவித்தலும் கடற்றொழிலாளருக்கான பங்கு அட்டையும் ஒரே நாளில் வரவேண்டும், விலை முன்னாலும் உதவி பின்னாலும் வரக்கூடாது. அதற்கு என் ஸ்கூட்டிக்குக் கிடைக்கிற 4 லீற்றரை 3 ஆக வெட்டினால் நான் எதிர்க்க மாட்டேன். எங்கள் ஆசிரியர் அறையில் இதைக் கதைத்தபோது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளைகள்.